கிடங்குக்குப் போன துக்கம்

அகல் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த தமயந்தி, அதுவரை ஒரு நோயாளியின் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. மிதிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. புகார்கள் எண்களாக வரும். அவளும் எண்களாகவே பதில் அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அகல் தயாரித்தது ஒரே ஒரு பொருள். மூளைக்காய்ச்சலோ பக்கவாதமோ விபத்தோ வந்து, புதிதாக எதையும் மனதில் தேக்கி வைக்க முடியாமல் போனவர்களுக்குக் காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டிப் பதிக்கும் சின்னக் கருவி. துணை என்று அதற்குப் பெயர். பதித்தபின் பழைய நினைவுகளும் அதன் வழியாகவே வரும். கோவையிலிருந்து கன்னியாகுமரி வரை ஆயிரக்கணக்கானோர் அதோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போனார்கள், வீட்டில் சண்டை போட்டார்கள், பேரப்பிள்ளைகளைச் சரியான பெயரில் கூப்பிட்டார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

கருவிக்கு இருந்த பெரிய சங்கடம் இடம்தான். காதுக்குப் பின்னால் இருப்பது சூடாகக் கூடாது. சூடாகாமல் வேகமாக வேலை செய்ய வேண்டுமென்றால் அது சின்னதாக இருந்தாக வேண்டும். அதனால் துணைக்குள் இரண்டு பகுதிகள் இருந்தன. கூப்பிட்டவுடன் வரும் நினைவுகளுக்கு ஒரு சின்ன இடம். மற்றவற்றுக்குப் பெரிய, ஆனால் மெதுவான இன்னொரு இடம். அலுவலகத்தில் முதலாவதை மேஜை என்பார்கள், இரண்டாவதைக் கிடங்கு என்பார்கள். ஆள் தூங்கும்போது கருவி எதை மேஜையில் வைப்பது, எதைக் கிடங்குக்கு அனுப்புவது என்று பிரிக்கும். நாளைக்கு எந்த நினைவு தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்துக்குத்தான் விதிகள்.

ஆரம்பத்தில் ஒரே விதிதான் இருந்தது. வெகுநாளாகத் தொடாதது கிடங்குக்குப் போகும், அவ்வளவுதான். பிறகு யாரோ ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவை வருகிற கல்யாண நாளைக் கோட்டைவிட்டார். அதற்காக ஒரு விதி சேர்ந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை மறந்துவிட்டு ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதற்கு ஒன்று. இப்படிச் சேர்ந்து சேர்ந்து விதிகள் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானதுதான். ஆனால் ஒன்றைத் தொட்டால் ஒன்பதைச் சோதிக்க வேண்டும். தமயந்தியின் பிரிவில் இருந்த அத்தனை பேருடைய வருடமும், விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதிலேயே கழிந்தது. புதிதாக எதையும் செய்ய நேரமில்லை. எதையாவது எடுத்துவிடலாமே என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ யாரோ ஒருவர் அழுதிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோவை கணபதியிலிருந்து மரகதம் என்ற பெண் அனுப்பிய புகார் இந்த நிலையில்தான் வந்தது. அது முதல் புகாரும் இல்லை. கணவருக்கு முக்கியமான ஒரு விஷயம் நினைவில் நிற்கவில்லை என்று அவள் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். கருவியில் பழுது இல்லை என்றே ஒவ்வொரு தடவையும் பதில் போயிருந்தது. கடைசியாக அவள், பழுது இல்லையென்று சொல்கிறவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினாள். பிரிவின் தலைவர் கிருபாகரன் அதைப் படித்துவிட்டு, தமயந்தியையே போய்வரச் சொன்னார்.

கணபதியில் அந்த வீடு ஒரு கிரைண்டர் பட்டறையை ஒட்டி இருந்தது. மரகதத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலேயே தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்ததும் அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம், தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஏனென்று தமயந்தி கேட்பதற்குள் அவள் கணவர் நாச்சிமுத்து பட்டறைப் பக்கமிருந்து வந்துவிட்டார். கல் பொடி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, வந்திருப்பவள் யாரென்று பார்த்தார். ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மரகதம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பெங்களூருங்களா? தர்ஷிணிகூட வேலை செய்யறீங்களா அம்மிணி?" என்றார். "நாலு நாளா போனே எடுக்க மாட்டீங்குது. வேலை அத்தனை சாஸ்தியா என்ன?"

தமயந்தி மரகதத்தைப் பார்த்தாள். மரகதம், ஆமாம், ரொம்ப வேலையாம், அடுத்த வாரம் கூப்பிடுவாளாம் என்று சொல்லிக்கொண்டே அவர் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, பொண்ணு நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளும்படி தமயந்தியிடம் கேட்டுக்கொண்டார். பிறகு பட்டறைக்குப் போய்விட்டார்.

தர்ஷிணி அவர்களுடைய ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள்.

மரகதம் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாச்சிமுத்துவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து துணை பதித்தது மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது. கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. பட்டறைக் கணக்கு, ஆர்டர், ஆட்கள் பெயர் எதுவும் தப்பாது. மகள் இறந்த அன்று கொள்ளி வைத்தவரே அவர்தான். மூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்து, தர்ஷிணிக்குப் போன் போட்டுக் கொடு என்றார். மரகதம் சொன்னாள். அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவரைப் போலத் தரையில் விழுந்து அழுதார். இரண்டு நாள் சோறு தண்ணியில்லை. அப்புறம் மறுபடி ஒரு காலையில், தர்ஷிணி போன் பண்ணினாளா?

"அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா சாகறாளுங்க," என்றாள் மரகதம். "எனக்கும் அப்படித்தான். என் வாயால சொல்லிச் சொல்லி நானே எத்தனை தடவை கொல்றது? அதான் இப்பச் சொல்றதை நிறுத்திப்போட்டேன். பெங்களூர்ல இருக்கறாளாமா."

மாலை போட்ட மகளின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்று அவளே வரவேண்டாம் என்றுவிட்டாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களைக்கூடத் தெரு முக்கில் நிற்கவைத்துப் பேசி அனுப்பினாள். தான் மகளுக்காக அழ வேண்டுமென்றால் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

தமயந்தி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். மேஜையையும் கிடங்கையும் பற்றிச் சொன்னாள். நினைவு எதுவும் அழிவதில்லை, கிடங்கின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது, அங்கே போனது கூப்பிட்டால் லேசில் வராது என்றாள். மரகதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே அனுப்புகிறது யார் என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு விதி இருக்குதுங்கம்மா," என்றாள் தமயந்தி. "நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

அது எந்த விதியென்று அவளுக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் அவளும் இம்தியாஸும் நாச்சிமுத்துவின் கருவி அனுப்பிய பதிவுகளைத் திறந்து பார்த்தார்கள். இம்தியாஸ் அவளுக்கு முன்பே அகலில் சேர்ந்தவன். விதிகளின் சரித்திரம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். அறுபத்தோராவது விதி அவர்கள் நினைத்தபடியே அங்கே இருந்தது. ஒரு நினைவு வரும்போதெல்லாம் நாடி எகிறி, மூச்சு மாறி, தூக்கம் கெடுகிறதென்றால், அடுத்தடுத்த தூக்கத்தில் அது அடித்தட்டுக்குப் போகும். மகள் இறந்தது அப்படித்தான் போயிற்று. அவள் இறந்தாள் என்று மரகதம் சொன்ன பேச்சுகளும், அவற்றுக்கும் அவர் உடம்பு அதே பாடுபட்டதால், பின்னாலேயே போயின. அடிக்கடி நினைக்கப்படும் முகங்கள் மேஜையிலேயே இருக்க வேண்டும் என்பது வேறொரு விதி. அதனால் உயிரோடிருந்த தர்ஷிணி மட்டும் மேஜை மேல் இருந்தாள். இரண்டு விதிகளும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தன. கருவியில் பழுது இல்லை என்று அனுப்பிய பதில் பொய்யில்லை.

கிருபாகரனிடம் போனார்கள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, சாவுச் செய்தியை மட்டும் கிடங்குக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு விதி சேர்த்துவிடலாமே என்றார். எது சாவுச் செய்தி என்று கருவிக்கு எப்படித் தெரியும் என்று தமயந்தி கேட்டாள். சினிமாவில் ஒருவன் சாகிறான், பக்கத்து வீட்டு நாய் சாகிறது, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவருக்குத் தினமும் யாராவது சாகிறார்கள். அதை எல்லாம் பிரிக்க அதற்குள் இன்னும் நாலு விதி வேண்டும். இம்தியாஸ் மாதிரிச் சோதனை ஓட்டிப் பார்த்தான். புதிய விதி, மருந்து விதியோடு மோதியது. அதைச் சரிசெய்தால் முக விதியோடு மோதியது. ஒரு வாரம் இதிலேயே போயிற்று.

அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அறுபத்தொன்றை அணைத்து வைக்க முடியாதா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பு அப்படி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. ஒரு ஊரில் இரண்டு மகன்கள், அப்பாவை வைத்தியத்துக்கு அழைத்துப் போவதாகக் கூட்டிக்கொண்டு போய், அவர் நிலத்தைப் பற்றிய நினைவுகள் எல்லாம் கிடங்குக்குப் போகும்படி செய்துவிட்டார்கள். கிழவர் தன் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று, இது யார் தோட்டம் என்று கேட்டார். விஷயம் வெளியே வந்ததும் அரசு சட்டம் போட்டது. துணை பதித்த எல்லோருக்கும் ஒரே விதித்தொகுப்பு. தனி ஆளுக்குத் தனி விதி கிடையாது.

"அப்போ எடுத்துடலாம் சார்," என்றாள் தமயந்தி. "அறுபத்தொன்னை எல்லாருக்கும் எடுத்துடலாம்."

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அது யாருக்காக வந்த விதின்னு தெரியுமா?" என்றார். "கந்தவேல்னு சங்ககிரி ஆளு. லாரி டிரைவர். ஸ்கூல் விட்டு வந்த ஒரு பையன் மேல ஏத்திட்டார். அந்த விபத்துலதான் அவருக்கும் தலையில அடி. துணை வச்சதுக்கப்புறம் அந்தப் பையன் நினைப்பு மட்டும் மேஜையை விட்டு நகரல. ரெண்டு தடவை தூக்குப் போட்டுக்கப் போனார். நான்தான் அப்ப அந்தக் கேஸைப் பார்த்தேன். அறுபத்தொன்னு போட்டப்புறம்தான் மனுஷன் சோறு தின்னார். அதை எடுத்தா அவர் என்ன ஆவார்?"

கந்தவேலிடமிருந்து அதன்பிறகு புகார் வந்ததா என்று இம்தியாஸ் கேட்டான். ஒன்றுகூட வரவில்லை என்றார் கிருபாகரன். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. அவர் செய்த வேலைகளிலேயே அவருக்கு மனநிறைவு தந்தது அதுவாக இருக்க வேண்டும் என்று தமயந்திக்குத் தோன்றியது.

போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள்தான். விதியை எடுப்பதென்றால், அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று பட்டது. எடுக்காமல் விடுவதென்றாலும் அதையே செய்ய வேண்டும். கணபதி வீட்டுக்குப் போயிராவிட்டால் இப்படித் தோன்றியிருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

கந்தவேல் சங்ககிரி பைபாசில் டீக்கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடம். அறுபதை நெருங்குகிற, ஒடிசலான மனிதர். தமயந்தி தான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும், பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். கிருபாகரன் சாரை அவர் மறக்கவில்லை. நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தார். அவர் மனைவி பூங்கொடி, வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் அடுப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எப்படிக் கேட்பதென்று தமயந்தி யோசித்து வைத்திருந்தாள். நேராக விபத்தைப் பற்றிக் கேட்டால், அடித்தட்டில் கிடப்பதைத் தானே கிளறியதாகிவிடும். உடம்பு எப்படி, தூக்கம் எப்படி என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். கந்தவேல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் பையனைப் பத்திக் கேக்க வந்தீங்களா?" என்றார். "கேளுங்க. எனக்கு ஞாபகம் இருக்குது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நிதானமாகச் சொன்னார். விதி போட்ட புதிதில் அவருக்கு எல்லாம் மறந்துதான் போனது. அடிபட்டதால் லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் கடை வைத்தோம் என்பதே அவருக்குத் தெரிந்த கதை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒருநாள் ஒரு பெண் பஸ்ஸுக்கு நின்றவள், வெயிலுக்காகக் கடைப்பக்கம் ஒதுங்கினாள். அவர் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, வெயிலிலேயே நடந்து போய்விட்டாள்.

"எங்கூட்டுக்காரி உள்ள இருந்து பாத்திருக்கறா. அவளுக்கு யாருன்னு தெரிஞ்சு போச்சு. நான், ஏன் அந்தம்மா டீ குடிக்காமப் போகுதுன்னு கேட்டேன். அவளால பொறுக்க முடியல, சொல்லிட்டா." கந்தவேல் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நான் அந்தம்மாகிட்ட எத்தனை பிள்ளைன்னு கேட்டிருக்கறனுங்க."

அன்றிலிருந்து அவர் மறக்காமல் இருக்கப் பழகினார். அது லேசாக இல்லை. தூங்கி எழுந்தால் போய்விடும். பூங்கொடிதான் காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது சொல்வாள். அவர் திருப்பிச் சொல்வார். பையன் பெயர், ஊர், அவன் தோளில் மாட்டியிருந்த பை. ஆரம்பத்தில் தினமும் அழுகைதான். அவள் பயந்துகொண்டே சொல்வாள், பக்கத்திலேயே இருப்பாள். பிறகு, சொல்லச் சொல்லத் தங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடப்பது குறையக் குறைய, தூக்கத்தில் அது அடித்தட்டுக்குப் போவதும் நின்றது. இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுந்தவுடன் தானே நினைத்துக்கொள்கிறார். ஒருமுறை அந்த ஊருக்கே போய்ப் பையனின் அம்மாவைப் பார்த்து, அன்று தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் உள்ளே கூப்பிடவில்லை. ஆனாலும் போய்விட்டு வந்தது நல்லதுதான் என்றார்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று தமயந்தி கேட்டாள். கிருபாகரன் சார் பாடுபட்டுச் செய்து கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றார் கந்தவேல். அவருக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

திரும்பி வரும்போது இதைக் கிருபாகரனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். எந்த மனிதருக்காகப் போட்ட விதியோ, அதே மனிதர் அத்தனை வருடமும் காலையில் எழுந்து அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இங்கே ஒரு பிரிவு முழுவதும் அந்த விதி உடையாமல் இருக்க மல்லுக்கட்டியிருக்கிறது. அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முடிந்ததும் கிருபாகரன், கந்தவேலின் டீக்கடை நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். பிறகு விதியை எடுப்பதற்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாச்சிமுத்துவையும் கந்தவேல் செய்ததுபோலச் செய்யச் சொன்னால் என்ன, விதியை எடுக்காமலே முடியுமே என்று இம்தியாஸ் கேட்டான். தமயந்தி அதையும் யோசித்திருந்தாள். பூங்கொடியால் முடிந்தது; மரகதம் சொன்னால் அவருக்கு நினைவூட்டும் ஒவ்வொரு காலையும் அவளும் மகளைச் சாகக் கொடுக்க வேண்டும். ஒரு கருவியைச் சரியாக ஓட்டுவதற்கு ஒரு அம்மாவிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

விதியை எடுத்தது ஒரே நாளில் நடக்கவில்லை. அறுபத்தொன்றை நம்பி எழுதிய மற்ற விதிகளைப் பிரித்துக் கட்ட மாதக்கணக்கில் ஆயிற்று. எடுத்தபிறகு அந்த விதி அடித்தட்டுக்கு அனுப்பியவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். யாருக்கு என்ன வரும் என்று தெரியாததால் ஊர் ஊராக மருத்துவர்களைத் தயாராக இருக்கச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு வந்தவை சின்னவை: பழைய அவமானங்கள், பல் பிடுங்கியது, யாரோ கைநீட்டி அடித்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை. மதுரையில் ஒரு பெண்ணுக்குத் தீவிபத்து ஒன்று முழுசாகத் திரும்பி வந்து, அவளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவளுடைய அண்ணன் தினமும் அகலுக்குப் போன் செய்து, என் தங்கச்சி நன்றாக இருந்தாளே, யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கேட்டான். அந்த அழைப்புகளைத் தமயந்தியே எடுத்துப் பேசினாள். தீவிபத்துக்கு மட்டும் ஒரு விதி போட்டுவிடலாமா என்று பிரிவில் ஒருவர் கேட்டபோது, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றாள். அது சரியா என்பது அவளுக்கே உறுதியில்லை.

கணபதிக்கு அவள் மறுபடி போனது அதற்குப் பிறகு, ஒரு சாயங்காலம். கூடத்தில் தர்ஷிணியின் படம் சுவரில் இருந்தது. புது மாலை போட்டிருந்தது. உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மரகதம் இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் முன்பிருந்த இறுக்கம் இல்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து அழுது தீர்த்தோம் என்றாள். நாச்சிமுத்து பட்டறைத் திண்ணையில் இருக்கிறார், போய்ப் பேசு என்று அனுப்பினாள்.

அவர் ஒரு அரைகல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். தமயந்தியைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தார். அன்னைக்கு உங்களைப் போய்ப் பெங்களூரா என்று கேட்டேனே என்றார். பரவாயில்லை என்று அவள் சொன்னாள். பிறகு அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"புள்ள செத்தது மட்டும் திரும்பி வரலீங்க அம்மிணி. இவ எங்கிட்ட அதைச் சொன்னாளே, அந்த ஒவ்வொரு தடவையும் வந்துருச்சு." அவர் கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார். "மொத மொதல்ல நல்லாத்தான் சொன்னா. போகப் போக அவளால முடியல. நீதான் கொன்னே, வெறும் காய்ச்சல்தான், ரெண்டு நாள் பாக்கலாம்னு சொன்னது நீதானேன்னு கேட்டா. எப்படியும் மறந்துருவேன்னு தெரியுமில்ல. மனசுல இருந்ததையெல்லாம் கொட்டிப்போட்டா. உன்னைக் கட்டுனதுக்குப் பதிலாக் கெணத்துல விழுந்திருக்கலாம்னுகூட."

மரகதம் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு நாடி எகிறியிருக்கும். அதனால் அவையும் அடித்தட்டுக்குப் போயிருக்கும். விதியை எடுத்ததும் அவையும் திரும்பி வரும். கணக்கு அவளுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பேச்சுகளுக்குள் என்ன இருந்திருக்கும் என்று அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"அவகிட்ட இதைச் சொல்லலீங்க," என்றார் நாச்சிமுத்து. "சொல்லவும் மாட்டேன். அவ சொன்னது நெசந்தான், ரெண்டு நாள் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவ எம்மூஞ்சியில முழிக்க மாட்டா. எனக்கு அதெல்லாம் வரலைன்னே இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் ஒன்னும் காட்டிக்காதீங்க."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் உளியை எடுத்துக்கொண்டு மறுபடி கொத்த ஆரம்பித்தார். அவள் கூடத்துக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடித்தாள். எப்படிக் குடித்தாள் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது மரகதம் வாசல்வரை கூட வந்தாள். வண்டியை எடுக்கப் போனவளை நிறுத்தினாள். உள்ளே உறவுக்காரர்கள் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்பதா வேண்டாமா என்று அவள் தயங்கியது முகத்தில் தெரிந்தது.

"ஏங் கண்ணு, கிடங்குல இருந்தது எல்லாமே வருமா?" என்றாள். "நான் அவருகிட்ட அப்பப்பப் பேசினது, கோவத்துல ஏதாச்சும் சொல்லியிருந்தா, அதெல்லாம்கூட வருமா?"

எது வரும், எது வராது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அகலில் சேர்ந்த நாளிலிருந்து தமயந்தி இந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"வராதுங்கம்மா," என்றாள். "நடந்தது மட்டுந்தான் வரும். பேச்செல்லாம் தங்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

மரகதம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பட்டறையிலிருந்து நாச்சிமுத்து, விளக்கேற்றியாயிற்றா என்று குரல் கொடுத்தார். இதோ ஏத்தறேனுங்க என்று சொல்லிக்கொண்டே அவள் வேகமாக உள்ளே போனாள்.